ஏடகம்: மதுரை வீடுகளில் பனையின் வரவும் செலவும்

சென்ற வைகாசியில், மதுரைக்கு வடக்கே புதிதாக எழுந்துள்ள குடியிருப்பு ஒன்றில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவிற்குச் சென்றிருந்தோம். நண்பர் வணிகர், தமிழ் நூல்களில் ஆர்வம் உடையவர். வாயிலில் வாழை மரங்களோடு கூந்தற்பனைக் குலைகளும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டப்பெற்றிருந்தன. உள்ளே கூடத்தின் இரு மூலைகளிலும் பளிங்கு நிறத் தொட்டிகளில், இடுப்பளவு உயர்ந்த அழகிய பனைச்செடிகள் நின்றன. 'அரிகா பாம்' என்று நண்பர் பெருமையோடு காட்டினார். ஒத்தக்கடைப் பக்கத்து நர்சரியில் வாங்கியதாம்.

விருந்து முடிந்து விடைபெறும் வேளையில் அவர் நம்மை மாடிப்படியின் கீழ் அழைத்துச் சென்றார். பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கிய பொருள்கள் அங்கே குவிந்திருந்தன. அவற்றினிடையே ஒரு நெகிழிப் பையில், இரு மரச்சட்டங்களுக்கு நடுவே கட்டப்பட்ட ஓலைச்சுவடி ஒன்று கிடந்தது. "ஐயா, இது என்னவென்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார். அருகில் இருந்த அவருடைய தாயார், "அது எங்க மாமனார் வாசிச்ச ஏடு தம்பி. அவருக்குப் பிறகு யாரும் பிரிச்சதில்லை. சரசுவதி பூசைக்கு இறக்குவோம், சந்தனம் குங்குமம் வைப்போம், திரும்பப் பரணில் ஏத்திடுவோம்" என்றார்.

ஒரே வீட்டில் மூன்று பனைகள்: வாயிலில் ஒருநாள் நின்று வாடப்போகும் பனை, கூடத்தில் நீரூற்றி வளர்க்கப்படும் பனை, படிக்கட்டின் கீழ் நெகிழிப் பையில் கிடக்கும் பனை. வீட்டிற்குள் பனை வளர்ப்பது இன்றைய நாகரிகம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மதுரை வீடுகளுக்குள் பனை வந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரமன்று, புல்

நம் இலக்கண மரபு பனையை மரமென்று கொள்ளவில்லை. தொல்காப்பிய மரபியல், வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. பனை, தென்னை, கமுகு, மூங்கில் ஆகியவை இவ்வகையில் புல்லினத்தைச் சார்ந்தவை. இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் எனக் கூறிப் புல்லின் உறவாகவே வைக்கிறது. இவற்றின் தண்டு மாமரம்போல் ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருப்பதில்லை. அதே மரபியல், புல்லினத்தின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களாக மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, குலை முதலியவற்றைச் சொல்கிறது. நாம் இன்று நூலுக்கும் இதழுக்கும் வழங்கும் சொற்கள் ஒரு பனையின் உறுப்புப் பெயர்களாகவே அங்கு இடம்பெறுகின்றன என்பது நினைக்கத்தக்கது.

மூவேந்தர் பூக்களுள் பனம்பூ சேரனுக்கு உரியது. பாண்டியனுக்கு உரியது வேம்பு. மதுரையோ கடம்பவனம் எனப் பெயர்பெற்ற ஊர். ஆகப் பாண்டியனின் கொடியிலோ கண்ணியிலோ பனைக்கு இடமில்லை. எனினும் பனையினங்கள் இந்நகரின் வாழ்விலும் இலக்கியத்திலும் நிறைந்திருந்தன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய நெடுநல்வாடையில், கூதிர்காலத்துக் கமுகின் மணி போன்ற கழுத்தும், அதன் குலைகளில் காய் திரண்டு நிற்கும் செழிப்பும் கூர்ந்து காட்டப்பெறுகின்றன. குளிர் மிகுந்துவிட்டதால் பயனின்றித் தொங்கவிடப்பட்ட விசிறிகளில் சிலந்தி வலை பின்னியிருப்பதையும் அப்பாட்டு காட்டுகிறது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் மணிமேகலையிலோ, இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன், காய்த்த குலையுடைய கமுகையும் வாழையையும் கரும்பையும் வீதிகளில் நடுமாறு சொல்கிறான். நண்பரின் வாயிலில் நாம் கண்ட கூந்தற்பனைக் குலை அந்த நெடிய வழக்கத்தின் தொடர்ச்சி எனலாம்.

வீட்டின் உள்ளே பனை ஒரு செடியாக நிற்கவில்லை, பொருளாக நிறைந்திருந்தது. கூரையில் பனங்கை; தரையில் ஓலைப்பாய்; சமையற்கட்டில் கருப்பட்டியும் கொட்டானும்; கையில் விசிறி; பரணில் ஏடு. 1850இல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் என்பவர் பனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 என்று எண்ணிச் சொல்லும் 'தால விலாசம்' என்ற தமிழ்ப் பாடல் நூலை உலகம் அறியச் செய்தது அந்நூலே.

எதிரேறிய ஏடுகள்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீதிகளில் நடப்பவர்கள் இரண்டு தெருப்பெயர்களைக் காணாமல் போகமுடியாது. ஒன்று தென்னோலைக்காரத் தெரு. மற்றொன்று எழுத்தாணிக்காரத் தெரு. நகரைச் சுற்றிலும் பனையூர், பனங்காடி, ஈச்சனேரி என்று ஊர்ப்பெயர்கள். ஓலையும் எழுத்தாணியும் தனித்தனித் தொழிலாகத் தெருவில் குடியேறியிருந்த நகரம் இது.

ஏடு உருவாவது எளிய வேலையன்று. குருத்தாகவும் இல்லாமல் முற்றியும் போகாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, அளவாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி மெருகேற்ற வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்கு விளக்குக்கரி, கோவையிலைச் சாறு போன்றவற்றைத் தடவித் துடைப்பர். இதற்கு மையாடுதல் என்று பெயர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துகளைப் புள்ளியின்றியே எழுதினர்; எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெளிவற்றிருந்தது. பின்னர் அதற்குத் தெளிவு கண்டவர், மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர். நம் எழுத்தின் வடிவத்தையே பனையின் நரம்பு கட்டுப்படுத்தியிருக்கிறது.

மதுரையின் மரபுக் கதைகளில் இந்த ஓலைக்கு வைகையோடு ஒரு வழக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் நின்றசீர் நெடுமாறன் அவையில் திருஞானசம்பந்தர் சமணரோடு வாதிட்டதைப் பெரியபுராணம் விரிக்கிறது. தீயில் இட்ட அவரது ஏடு வேகாமல் பச்சையாக இருந்ததால் அப்பதிகம் 'பச்சைப் பதிகம்' எனப்பட்டது. வைகையில் இட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று தங்கிய இடமே சோழவந்தானை அடுத்த திருவேடகம் என்பது தலமரபு. ஏடு, அகம் என்று அப்பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். இன்னொரு கதை நாலடியாரைப் பற்றியது. எண்ணாயிரம் சமண முனிவர்கள் மதுரையை நீங்கும்போது ஆளுக்கொரு வெண்பாவை ஏட்டில் எழுதிவைத்துச் சென்றனர். சினந்த பாண்டியன் அவற்றை வைகையில் எறியச் செய்தான். எதிரேறி வந்தவை நானூறு. அவையே நாலடியார் என்பது அக்கதை.

இவ்விரண்டு கதைகளும் வெவ்வேறு சமயத்தார் பெருமைபேச எழுந்தவை. அவற்றின் சமயச் செய்தியை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. இரண்டிலும் பொதுவாக உள்ளது ஓர் ஓலை, ஓர் ஆறு, எதிர்நீச்சல். இப்படியொரு கற்பனை ஏன் எழுந்தது என்பதற்கு விடை உலக வழக்கில் இருக்கிறது. ஓலையின் ஆயுள் பேணினால் சில நூற்றாண்டுகள். பேணாவிட்டால் கரையானுக்கும் பூச்சிக்கும் சில பத்தாண்டுகளே. சிதைந்த ஏட்டைப் படியெடுத்துப் புதிய ஓலையில் எழுதிவிட்டுப் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. படியெடுப்பார் இல்லாத காலத்தில், படியெடுக்காமலேயே விட்டனர். இவ்வாறு ஆற்றோடு போன சுவடிகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். உண்மையில் ஏடுகள் ஆற்றின் போக்கில்தான் போயின. அவை திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கமே கதைகளில் எதிரேறி வந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதற்கும் இப்படியொரு காரணம் சொல்லப்படுவதுண்டு. மதுரையில் சொற்பொழிவாற்ற வந்த அவர் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டபோது ஊரில் எளிதாகக் கிடைக்கவில்லையாம். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரின் வீடுகளிலிருந்து அதற்குள்ளாகவே ஏடு வெளியேறிக்கொண்டிருந்தது.

கண்ணாடிப் பெட்டியும் கூடத்துப் பனையும்

இனிக் கூடத்து மூலையில் நின்ற பனைக்கு வருவோம். மதுரையில் ஓலை மெல்ல மெல்ல வீட்டை நீங்கிய அதே நூற்றாண்டில், இலண்டன் வீடுகளுக்குள் பனை செடியாக நுழைந்துகொண்டிருந்தது.

1829இல் நத்தானியல் வார்ட் என்ற இலண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டியினுள் பெரணி ஒன்று தானாக முளைத்து வாழ்வதைக் கண்டார். உள்ளே ஆவியாகும் நீர் மீண்டும் மண்ணிலேயே விழுவதால் செடிக்குத் தனியே நீர் தேவைப்படவில்லை. நகரத்து நிலக்கரிப் புகையும் அண்டவில்லை. 1833இல் அவர் இத்தகைய பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்குக் கப்பலேற்றினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை உப்புக்காற்றில் மடிந்துகொண்டிருந்த செடிகள் இதன்பின் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்தன. சீனத்துத் தேயிலை இமயமலைச் சாரலுக்கும், தென்னமெரிக்கச் சிங்கோனா 1860களில் நம் நீலகிரிக்கும் வந்ததில் இப்பெட்டிகளுக்குப் பங்குண்டு.

1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. கியூ தோட்டத்தில் பனைகளுக்கென்றே 1844 முதல் 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் மாளிகை ஒன்று எழுப்பப்பெற்றது. வெப்பநாடுகளை ஆளும் பேரரசின் தலைநகரில் பனை அந்த ஆட்சியின் அடையாளமாயிற்று. அரசின் மாளிகையில் நின்றது செல்வர் கூடத்திற்கும், அங்கிருந்து நடுத்தர வீட்டின் வரவேற்பறைக்கும் இறங்கிவந்தது.

வெயில் குறைந்த அறையில் எல்லாப் பனையும் வாழாது. அதற்கு வாய்த்தவை பெருங்காட்டின் நிழலடியில் வளரும் சிறு பனைகள். மெக்சிகோவின் தென்பகுதியிலும் குவாதமாலாவிலும் மழைக்காட்டு மரங்களின் அடியில் வளரும் ஒரு குறும்பனைக்குத் தாவரவியலார் 'கமிடோரியா எலிகன்ஸ்' என்று பெயரிட்டனர். இரண்டாம் சொல்லுக்கு எழில் வாய்ந்தது என்று பொருள். ஆங்கிலேயர் அதை வரவேற்பறைப் பனை என்றே அழைத்தனர். மற்றொன்று கென்டியா பனை. ஆஸ்திரேலியாவிற்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய 15 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள லார்டு ஹாவ் என்னும் தீவில் மட்டுமே அது இயற்கையாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவினர் அதன் விதையை ஐரோப்பாவுக்கு விற்று வாழ்ந்தனர்.

அடைக்காய் 'அரிகா'வான கதை

நண்பர் வீட்டில் நின்ற 'அரிகா பாம்' இவ்விரண்டும் அன்று; அது மடகாஸ்கரின் கிழக்குக் கரைக்கு உரியது. ஆனால் அதன் பெயரோ நம்முடையது! பாக்கிற்குத் தமிழில் அடைக்காய் என்றொரு பழம்பெயர் உண்டு. மலையாளத்தில் அது அடைக்கா. அங்கு வந்த போர்த்துகீசியர் அச்சொல்லை 'அரெக்கா' என்று கொண்டுபோயினர். 1753இல் லின்னேயஸ் பாக்குமரத்திற்கு அதையே பேரினப் பெயராகச் சூட்டினார். பிற்காலத்தில், பார்வைக்குக் கமுகுபோல் தோன்றிய மடகாஸ்கர்ப் பனைக்கும் வணிகர்கள் அப்பெயரை ஒட்டிவிட்டனர். மலையாளக் கரையிலிருந்து லிஸ்பன் போய், அங்கிருந்து மடகாஸ்கர்ச் செடியின்மீது ஏறி, ஒத்தக்கடை நர்சரிக்குத் திரும்பியிருக்கிறது அடைக்காய். உண்மையான கமுகுக்கு இதில் பங்கேதுமில்லை.

இச்செடி இந்திய வீடுகளில் பெருகியதற்கு அழகு மட்டும் காரணமன்று. 1989இல் நாசாவின் அறிக்கை ஒன்று, மூடிய சிறு அறைகளில் வைக்கப்பட்ட சில செடிகள் காற்றிலுள்ள நச்சு ஆவிகளைக் குறைத்ததாகக் கூறியது. 2009இல் தில்லியைச் சேர்ந்த கமல் மீட்டில் என்பவர் ஆற்றிய குறுகிய உரையொன்று, ஆளுக்குத் தோளுயர அரிகா நான்கு வேண்டும் என்று பரிந்துரைத்துப் பரவலாகப் பார்க்கப்பெற்றது. ஆனால் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பீடு, இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டுக் காட்டியது. ஆகவே சாளரத்தைத் திறந்து வைப்பதே மேல்.

எனில் வீட்டில் பனை வளர்ப்பது வீண் என்பது நம் கருத்தன்று. பச்சையைக் காண்பதே ஒரு நிறைவு. நம் இல்லத்திலும் அரிகா ஒன்று வாங்கி வைத்தோம். சித்திரை வெயிலில் மேற்குச் சாளரத்தருகே அதன் கீற்றுகள் வெளுத்தன; ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் நுனிகள் பழுப்பேறின. கிழக்குப் பக்கத்து மென்வெளிச்சத்திற்கு மாற்றி, மழைநீரைப் பிடித்து ஊற்றி, மண் மேற்பரப்பு காய்ந்த பின்னரே நீர்விடுவது என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்த பிறகு அது தேறியது. மடகாஸ்கரின் ஈரக்காற்றில் பிறந்ததை மதுரையின் வறண்ட காற்றில் வைத்திருக்கிறோம் என்ற நினைவு நமக்கு இருக்கவேண்டும்.

தொட்டிக்கு அடங்காதது

முதுகலை வகுப்பில் ஒருநாள், ஏடு என்னும் சொல்லை விளக்குமுன், ஓலைச்சுவடியைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டோம். ஒருவரும் இல்லை. அரிகாவை எல்லாரும் அறிந்திருந்தனர். ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் வரிசையாகப் பனை நின்றது. செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது கரையும் சரிகிறது" என்றார். அவர் தாத்தா பனையேறியவராம். பேரனுக்கு அத்தொழில் வேண்டாம் என்று குடும்பமே முடிவு செய்திருக்கிறது. அதை நாம் குறைசொல்ல இயலுமா? உயிரைப் பணயம் வைத்து ஏறியவருக்கு ஊர் தந்த மதிப்பு மிகக் குறைவு. பனையின் செலவில் அந்தப் பழியும் சேர்ந்தே இருக்கிறது.

நம் பனையையே தொட்டியில் வளர்க்கலாகாதா என்று நண்பர் பின்னொருநாள் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் பனையின் இயல்பு அதற்கு இடந்தராது. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே எழுவதில்லை; முளை கீழ்நோக்கி மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. அங்கே உணவைச் சேமித்துக்கொண்ட பின்னரே முதல் ஓலை வெளிவரும். அந்தச் சேமிப்பைத்தான் நாம் தைப்பொங்கலில் பனங்கிழங்காக உண்கிறோம். இறங்குவதற்கு ஆழமும், நிற்பதற்கு முழு வெயிலும், காய்ப்பதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளும் அதற்கு வேண்டும். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது ஊர் வழக்கு. நிழலுக்கும் தொட்டிக்கும் இணங்குவதே கூடத்துப் பனையின் எழில். இணங்காமையே கண்மாய்க்கரைப் பனையின் வலிமை.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 இலட்சம் பனைவிதைகள் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிவிக்கப்பெற்றது. விதை ஊன்றும் இளைஞர் குழுக்களை இன்று பல ஊர்களில் காண்கிறோம். இவை நல்ல அறிகுறிகள்.

சுவடியில் இருந்தது என்ன?

நண்பர் வீட்டுச் சுவடியைச் சொல்லாமல் முடிப்பது முறையாகாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டிப் பிரித்தோம். ஏறத்தாழப் பாதி ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூச்சி அரித்துக் கிடந்தன. படிக்க இயன்றவற்றில் பிள்ளைகளுக்கான நீதிநூல் ஒன்றின் படி, காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்குமான சில கைமருந்துகள், நெல் கடன் கணக்கு ஆகியவை இருந்தன. இலக்கியப் புதையல் ஏதுமில்லை. ஆனால் கணக்கு ஏட்டில் கடன் வாங்கியவர் பெயர்களை நாம் வாசிக்க வாசிக்க, நண்பரின் தாயார் ஒவ்வொருவரும் எந்தத் தெருவில் இருந்தனர், அவர்கள் பிள்ளைகள் எங்கே போயினர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அறுபது ஆண்டுகளாகச் சந்தனம் மட்டுமே கண்ட ஏடு அன்று வாய் திறந்தது. மாமனார் படித்த ஏட்டை மருமகள் முதன்முறையாகக் கேட்டார்.

ஏடுகளை ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, சுவடியைப் புதிய பருத்தித் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தோம். நண்பர் அதைக் கூடத்தில், அரிகாத் தொட்டியின் அருகில் கண்ணாடிப் பேழையில் வைக்க விரும்பினார். வேண்டாம் என்று தடுத்தோம். ஒன்று நீரால் வாழ்வது. மற்றொன்று ஈரத்தால் அழிவது. இப்போது சுவடி மாடியறை அலமாரியில் இருக்கிறது. ஆவணியில் நண்பரும் நாமும் அந்த மாணவரின் ஊருக்குச் சென்று கண்மாய்க்கரையில் முப்பது பனங்கொட்டைகள் ஊன்றி வந்தோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு மாற்றுவோரும் பழைய வீட்டை இடிப்போரும் பரணை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். சுவடி கிடைத்தால் தண்ணீரிலோ வெயிலிலோ இடவேண்டாம். ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். இருக்கும் நிலையிலேயே ஒளிப்படம் எடுத்துப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வரும் சரசுவதி பூசையில் சந்தனம் வைக்குமுன், ஓர் ஏட்டையாவது வீட்டார் கேட்கப் படிக்கச் செய்யுங்கள்.